பழி குளிரின் மேல்

மார்கழி பிறந்துவிட்டால் போதும், ஹப்புத்தளை, பண்டாரவளைப் பக்கம் பைக் வைத்திருப்பவர்கள் எல்லோரும் ஒரே பல்லவியைப் பாடுவார்கள்: “இந்தக் குளிருக்கு செல்ஃப் எடுக்க மாட்டேங்குது.” பட்டனை அழுத்தினால் ‘டிக்’ என்று ஒரு சத்தம். மீட்டர் விளக்கு மங்குகிறது. எஞ்சின் அசையவில்லை. பிரட்டுக்கு நேரமாகிறது, பழி குளிரின் மேல் விழுகிறது. பங்குனி வெயில் ஏறியதும் அதே பேட்டரி ஓரளவுக்கு வேலை செய்துவிடுவதால், தீர்ப்பு சரிதான் என்று நாமும் நம்பிவிடுகிறோம்.

கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்த்தால் இந்தத் தீர்ப்பு நிற்காது. தோட்டப் பாதைகளில் அதிகம் ஓடும் 100 சிசி பைக் ஒன்றை எடுத்துக்கொள்வோம். அதில் 12 வோல்ட், 5 ஆம்பியர்-மணி பேட்டரி இருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். ஸ்டார்ட்டர் மோட்டார் எஞ்சினைச் சுற்றும்போது சுமார் 50 ஆம்பியர் இழுக்கிறது. நல்ல பைக் 2 வினாடிக்குள் பிடித்துக்கொள்ளும். ஆக ஒரு ஸ்டார்ட்டுக்கு 100 ஆம்பியர்-வினாடி செலவு. பேட்டரியின் மொத்த இருப்போ 18,000 ஆம்பியர்-வினாடி. காகிதக் கணக்கில், ஒரு ஸ்டார்ட் இருப்பில் 180இல் ஒரு பங்கைத்தான் எடுக்கிறது.

குளிர் எவ்வளவு பிடுங்கும்? கார் பேட்டரிகளின் குளிர்ச் சக்தியைப் பெரும்பாலும் உறைநிலைக்குக் கீழே 18 பாகையில் வைத்துத்தான் சோதிக்கிறார்கள். பண்டாரவளையில் தை மாத விடியற்காலையில் 13 பாகை அளவுக்கு இறங்கினாலே நாம் கம்பளியைத் தேடுகிறோம். அந்தக் குளிர் நல்ல பேட்டரியின் வலுவில் சுமார் பத்தில் ஒரு பங்கைத்தான் குறைக்கும். பேட்டரியைவிட அதிகம் முரண்டு பிடிப்பது எஞ்சின் ஒயில். 30 பாகையில் இருந்ததைவிட 13 பாகையில் அதன் பிசுபிசுப்பு இரண்டு மடங்குக்கும் மேலே போய்விடுகிறது. பெட்ரோலும் சோம்பேறியாகிறது. எரிவது திரவப் பெட்ரோல் அல்ல, அதன் ஆவி. குளிரில் ஆவி குறைவாக எழும்புவதால்தான் சோக்கை இழுக்கிறோம். இவை மூன்றும் சேர்ந்தாலும் நல்ல நிலையிலுள்ள பேட்டரியைத் தோற்கடிக்க முடியாது. மார்கழிக் காலையில் தோற்கிற பேட்டரி ஆவணியிலேயே பாதி செத்திருந்தது. குளிர் அதை வெளியே சொன்னது, அவ்வளவுதான்.

அப்படியானால் அதைக் கொன்றது எது என்று பார்க்கப் பெட்டிக்குள்ளே போக வேண்டும். ஈய-அமில பேட்டரியை 1859இல் பிரான்சில் காஸ்டன் பிளாண்டே உருவாக்கினார். லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை பயிரிட்ட 1867க்கு எட்டு ஆண்டுகளுக்கு முந்தைய கதை இது. அப்போது நம் மலைகளில் கோப்பிதான் இருந்தது. கோப்பி போய்த் தேயிலை வந்து, 1924இல் பதுளைக்கு ரயிலும் வந்துவிட்டது. பைக்கின் சீட்டுக்கு அடியில் மட்டும் இன்றைக்கும் பெரும்பாலும் பிளாண்டேயின் அதே இரசாயனம்தான் உட்கார்ந்திருக்கிறது.

ஆறு அறைகள். ஒவ்வொன்றிலும் ஈயத் தகடுகளும், ஈய டைஒக்சைட் பூசிய தகடுகளும் மாறி மாறி நிற்கின்றன. இடையில் கந்தக அமிலம் கலந்த நீர். ஓர் அறை 2 வோல்ட்டுக்குச் சற்று மேலே தரும். ஆறும் சேர்ந்து 12.6, 12.7 என்று வரும். மின்சாரம் வெளியே போகப்போக இரு வகைத் தகடுகளின் மேலும் ஈய சல்பேட் படிகிறது, அமிலம் மெல்ல மெல்ல நீராகிறது. சார்ஜ் ஏற்றும்போது இது அப்படியே தலைகீழாக நடக்க வேண்டும். படிந்த உடனே அந்த சல்பேட் மிக நுண்ணிய தூள். சார்ஜ் வந்தால் சுலபமாகக் கரைந்துவிடும். பல நாள், பல வாரம் அப்படியே விட்டால் தூள் ஒன்றோடொன்று சேர்ந்து பெரிய படிகங்களாக இறுகிவிடும். பிறகு எவ்வளவு சார்ஜ் கொடுத்தாலும் முழுவதும் கரையாது. அது மூடிய தகட்டுப் பரப்பு போனது போனதுதான். பேட்டரி வைத்திருப்பவர் அறிய வேண்டிய முதல் உண்மை இது: பேட்டரி உழைத்துச் சாவதைவிட, அரைகுறை சார்ஜில் கிடந்து சாவதே அதிகம்.

லயத்துக் கடைக் கொப்பியை நினைத்துக்கொள்ளுங்கள். தினமும் கொஞ்சம் சாமான் எடுக்கிறோம், சம்பளத்தன்று கட்டுகிறோம். முழுதாகக் கட்டினால் தொல்லை இல்லை. ஒவ்வொரு மாதமும் கொஞ்சம் பாக்கி வைத்தால், ஒருநாள் கடைக்காரர் கொப்பியை மூடிவிடுவார். பைக்கிலும் எடுப்பது சில்லறைதான், திருப்பிக் கட்டுவதில்தான் தகராறு.

கட்டுகிற வேலை மெக்னெட்டுடையது. எஞ்சின் சுற்றினால்தான் அது மின்சாரம் தரும். வேகமாகச் சுற்றினால் அதிகம் தரும். ஐட்லிங்கில் நிற்கும்போது வருவது விளக்குக்கே சரியாகப் போய்விடும். போதாததற்கு ஈய-அமில பேட்டரிக்கு ஒரு குணம் உண்டு: முக்கால் வயிறு வரை வேகமாகச் சாப்பிடும், கடைசிக் கால் பங்குக்கு மணிக்கணக்கில் நேரம் எடுக்கும். லயத்திலிருந்து தொழிற்சாலைக்கு இரண்டு கிலோமீட்டர், அங்கிருந்து மேல் டிவிசனுக்கு ஒன்றரை, கொழுந்து மடுவத்துக்கு இன்னும் கொஞ்சம் என்று நாளெல்லாம் நிறுத்தி நிறுத்தி ஓடுகிற பைக், ஸ்டார்ட்டுக்கு எடுத்ததை எப்படியோ திருப்பிக் கொடுத்துவிடும். கடைசிக் கால் பங்கை மட்டும் மாதக்கணக்கில் எட்டாது. அந்தக் கால் பங்கில்தான் படிகம் வளர்கிறது.

இதைவிட மோசமான பழக்கம் ஒன்று மலையில் உண்டு. பெட்ரோல் மிச்சம் பிடிக்க, இறக்கத்தில் எஞ்சினை நிறுத்தி நியூட்ரலில் விடுவது. ஹப்புத்தளையிலிருந்து பெரகலை வழியாகக் கொஸ்லாந்தைக்கு இறங்குகிறவர்களைப் பாருங்கள், பின்விளக்கு அணையவே அணையாது. இறக்கம் முழுவதும் கால் பிரேக்கின் மேல். பிரேக் பல்ப் 21 வாட். 12 வோல்ட்டில் 1.75 ஆம்பியர். சிறு பல்புகளையும் சேர்த்தால் 2 ஆம்பியரைத் தாண்டும். கொண்டைஊசி வளைவு ஒவ்வொன்றிலும் அடிக்கிற ஹோர்னை விட்டுவிடுவோம். இப்படி 20 நிமிடம் இறங்கினால் 0.7 ஆம்பியர்-மணி போய்விடும். அது 25 ஸ்டார்ட்டுக்கான மின்சாரம். மெக்னெட் நிற்பதால் ஒரு துளிகூடத் திரும்பி வராது. எஞ்சின் பிரேக் இல்லாமல் டிரம் பிரேக் சூடேறிப் பிடிக்காமல் போகும் ஆபத்து வேறு. மிச்சம் பிடித்த பெட்ரோலின் விலை பேட்டரிக் காசுக்கே காணாது.

நம் நாட்டில் இந்த இரசாயனத்துக்குப் பெரிய சோதனை 2022இல் நடந்தது. அந்த ஜூன் இறுதியில் அத்தியாவசிய சேவைகளுக்கு மட்டுமே எரிபொருள் என்று அரசாங்கம் அறிவித்தது. பிறகு வந்த கியூஆர் முறையில் மோட்டார் சைக்கிளுக்கு முதலில் வாரம் 4 லீட்டர் கிடைத்தது. பதுளை டவுனிலிருந்து பசறை, லுணுகலை, மடுல்சீமை வரை ஷெட் வாசல்களில் பைக்குகளைத் தள்ளிக்கொண்டு நின்றது யாருக்கும் மறந்திருக்காது. வரிசையில் நின்றவற்றைவிட, பெட்ரோலே இல்லாமல் வாசலில் சாக்குப் போர்த்திக் கிடந்தவைதான் அதிகம். சும்மா கிடக்கும் பேட்டரி சும்மா இருப்பதில்லை. தண்ணீர் ஊற்றும் வகைப் பழைய பேட்டரி தானாகவே நாளுக்கு ஒரு சதவீதம் வரை இழக்கும். சீல் வைத்த வகை மாதத்துக்கு 3 சதவீதம் அளவில் இழக்கும். டிஜிட்டல் மீட்டரும் திருட்டு அலாரமும் மாட்டிய பைக்கில், அலாரம் 20 மில்லி ஆம்பியர் குடித்தால்கூட நாளுக்கு அரை ஆம்பியர்-மணி காலி. பத்து நாளில் 5 ஆம்பியர்-மணி பேட்டரி வறண்டுவிடும். வறண்டு கிடந்த ஒவ்வொரு வாரமும் படிகம் இறுகும் வாரம்.

இதே காலத்தில்தான் புதிய வாகனங்களின் இறக்குமதியும் நின்றிருந்தது. 2020 மார்ச்சில் போட்ட தடை, 2025 தொடக்கத்தில்தான் பைக்குகளுக்கு விலகியது. ஐந்து ஆண்டுகளாகப் பழைய வண்டிகளையே ஒட்டுப்போட்டு ஓட்டினோம். வயர் பழசு, சுவிட்ச் பழசு, ரெகுலேட்டர் பழசு. குற்றம் எல்லாம் பேட்டரி தலையில் விழுந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

வெயிலுக்கு வருவோம், ஏனென்றால் உண்மையான கொலையாளிகளில் அதுவும் ஒன்று. இரசாயன வினைகளின் வேகம் வெப்பத்தோடு எப்படி ஏறுகிறது என்பதை சுவீடன் நாட்டு அர்ரீனியஸ் 1889இல் வகுத்துச் சொன்னார். பேட்டரிக்காரர்கள் அதைச் சுருக்கி வைத்திருக்கும் விதி, 10 பாகை ஏறினால் ஆயுள் பாதி. தகட்டின் சட்டம் அரிப்பது, நீர் ஆவியாவது, தானாக சார்ஜ் இறங்குவது எல்லாமே சூட்டில் வேகமெடுக்கும். ஊவாவின் விசித்திரம் இதில்தான் இருக்கிறது. ஒரே மாகாணத்துக்குள் 1,400 மீற்றர் உயரத்து ஹப்புத்தளையும் இருக்கிறது, 32, 33 பாகையில் காயும் வெல்லவாய, மொனராகலைத் தாழ்நிலமும் இருக்கிறது. கீழே வேலை, மேலே வீடு என்று ஓடுகிற பைக்கின் பேட்டரி மொனராகலை வெயிலில் தேய்ந்து, பண்டாரவளைப் பனியில் பிடிபடுகிறது. பதுளை டவுன் 680 மீற்றரில் நடுவாக இருப்பதால் அங்கே இரண்டும் மிதம்தான்.

தண்ணீர் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. தண்ணீர் ஊற்றும் வகை பேட்டரியின் பக்கவாட்டில் மேல்கோடு, கீழ்கோடு என இரண்டு இருக்கும். மட்டம் கீழ்கோட்டுக்குப் போனால் தகட்டின் தலை காய்ந்து கெட்டுவிடும். கடையில் விற்கும் பேட்டரித் தண்ணீரைத்தான் ஊற்ற வேண்டும். பீலித் தண்ணீர் கண்ணாடிபோல் தெளிவாகத்தான் வருகிறது, ஆனால் மலைக்குள்ளிருந்து வரும் நீர் கல்லைக் கரைத்துக்கொண்டுதான் வரும்; வெலிமடை, பண்டாரவளைப் பக்கம் சுண்ணாம்புக் கல்லும் உண்டு. தகரக் கூரையிலிருந்து பிடித்த மழைநீரில் துரு இருக்கும். துளி இரும்பு கலந்தாலே பேட்டரி தானாக சார்ஜ் இறங்கும் வேகம் கூடும், குளோரைட் தகட்டை அரிக்கும். அமிலத்தை மேலும் ஊற்றுவது அதைவிடக் கெடுதல். ஆவியாகிப் போனது நீர்தான். அமிலம் உள்ளேயே இருக்கிறது.

இனி, காலையில் செல்ஃப் எடுக்காத பைக்கின் முன் நின்று என்ன செய்வது? முதலில் கையை பட்டனிலிருந்து எடுங்கள். தொடர்ந்து அழுத்தினால் தகட்டின் நுண்துளைகளுக்குள் இருக்கும் அமிலம் தீர்ந்துவிடும், வெளியிலிருந்து புது அமிலம் ஊறி உள்ளே வர நேரம் வேண்டும். வேகமாக இழுத்தால் பேட்டரி தன் முழு இருப்பையும் தராது என்பதை ஜேர்மனியின் பாய்கெர்ட் 1897இலேயே சூத்திரமாக எழுதிவிட்டார். “கொஞ்சம் விட்டு அடிச்சுப் பாருங்க” என்று கராஜ்காரர் சொல்வதும் அதைத்தான். 5 வினாடிக்கு மேல் அழுத்தாமல், அரை நிமிடம் விட்டு மறுபடி பாருங்கள்.

பிறகு முனைகளைப் பாருங்கள். பாதிப் பேருக்கு வைத்தியம் அங்கேயே முடிந்துவிடும். வெள்ளையும் பச்சையுமாகப் பொடி பூத்திருந்தால் அது மின்தடை. 50 ஆம்பியர் ஓடும்போது 0.05 ஓம் தடைகூட 2.5 வோல்ட்டை விழுங்கிவிடும். விளக்குக்கு இந்தத் தடை தெரியவே தெரியாது, ஏனென்றால் விளக்கு இழுப்பது இரண்டு மூன்று ஆம்பியர்தான். “ஹோர்ன் அடிக்குது, லைட் எரியுது, செல்ஃப் மட்டும் இல்ல” என்ற நோய்க்குப் பல நேரம் இதுதான் காரணம். மைனஸ் வயரை முதலில் கழற்றி, இளஞ்சூட்டு நீரில் அப்பச்சோடா கரைத்துத் தேய்த்துக் கழுவி, மூடித் துளைக்குள் தண்ணீர் போகாமல் துடைத்து, இறுக்கிப் பூட்டி, மேலே கொஞ்சம் வாஸ்லின் பூசுங்கள். எஞ்சினில் பூட்டியிருக்கும் எர்த் வயரின் அந்தப் பக்கத்தையும் சுத்தம் செய்யுங்கள்; மழைக்காலச் சேறு முதலில் பிடிப்பது அதைத்தான்.

ஒரு சின்ன டிஜிட்டல் மீட்டர் வீட்டில் இருந்தால் ஊகத்துக்கே இடமில்லை. இரவு முழுவதும் நின்ற பைக்கில், சாவி போடுமுன் முனைகளில் வைத்துப் பாருங்கள். 12.6க்கு மேல் என்றால் நிறைவு. 12.4 என்றால் முக்கால். 12.2 என்றால் பாதி, படிகம் வளரத் தொடங்கிவிட்டது. இப்போது மீட்டரைப் பிடித்துக்கொண்டே பட்டனை அழுத்துங்கள். எண் சரிந்து 10க்கு அருகில் நின்றால் பேட்டரி பிழைத்தது. 12.6இலிருந்து ஒரேயடியாக 8, 7 என்று விழுந்தால் வோல்ட் இருக்கிறது, வலு இல்லை. அது கிழட்டுப் பேட்டரி. கடைசியாக, எஞ்சின் ஓடும்போது ஆக்ஸிலேட்டரை நடுத்தரமாகத் திருகிப் பாருங்கள். 14க்கும் 14.5க்கும் இடையில் நிற்க வேண்டும். 13ஐத் தாண்டவில்லை என்றால் புதுப் பேட்டரி போட்டாலும் மூன்று மாதம்தான். 15ஐத் தாண்டினால் ரெகுலேட்டர் போய்விட்டது, பேட்டரி உள்ளே கொதிக்கிறது. மூன்று அளவும் எடுக்காமல் புதுப் பேட்டரி விற்கிற கடையை நான் நம்புவதில்லை.

புதுசு வாங்கும்போது ஒரு விஷயத்தில் அடம்பிடியுங்கள். அமிலம் ஊற்றிய கையோடு மாட்டித் தந்தால் வாங்காதீர்கள். ஊற்றிய உடனே அதில் சுமார் 80 சதவீதம்தான் இருக்கும். கொள்ளளவில் பத்தில் ஒரு பங்கு ஆம்பியரில், அதாவது 5 ஆம்பியர்-மணிக்கு அரை ஆம்பியரில், நிதானமாகச் சில மணி நேரம் சார்ஜ் ஏற்றித்தான் தர வேண்டும். வீட்டில் சார்ஜ் போடுகிறவர்கள் வாசலில் போடுங்கள். சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வெளியாகும். லயன் காம்பராவில் விறகடுப்பு எரிகிற பக்கத்தில் அது தீப்பொறிக்குக் காத்திருக்கும்.

அவசரத்துக்குத் தள்ளி ஸ்டார்ட் பண்ண மலையைவிட நல்ல இடம் இல்லை. சாவியைப் போட்டு, இரண்டாம் கியரில் கிளச்சைப் பிடித்து உருட்டி, வேகம் பிடித்ததும் விட்டால் போதும். ஆனால் எல்லா வண்டியும் இதற்கு மசியாது. பழைய சிறு பைக்குகள் பலவற்றில் ஸ்பார்க்குக்கான மின்சாரம் மெக்னெட்டிலிருந்தே நேராக வருகிறது. பேட்டரியைக் கழற்றி வீசினாலும் ஒரு கிக்கில் எழும்பும். பேட்டரியிலிருந்து ஸ்பார்க் எடுக்கும் வகையிலும், இன்ஜெக்ஷன் வண்டிகளிலும், பெட்ரோல் பம்புக்கும் கம்ப்யூட்டருக்கும் முதலில் சில வோல்ட் வேண்டும். பேட்டரி முற்றிலும் செத்தால் பெரும்பாலும் கிக்கும் வீண், தள்ளுவதும் வீண். கியர் இல்லாத ஸ்கூட்டரைத் தள்ளிப் பயனே இல்லை. எஞ்சின் வேகமெடுத்தால்தான் அதன் கிளச் பிடிக்கும், சக்கரம் சுற்றி எஞ்சினைச் சுற்ற வைக்க முடியாது. தோட்டப் பாடசாலைகளுக்கு ஸ்கூட்டரில் போகும் ஆசிரியைகள் இதைத் தெரிந்துவைத்திருப்பது நல்லது.

இன்னொரு எச்சரிக்கை, தோட்டத்துக்கே உரியது. செத்த பேட்டரிக்கு த்ரீவீலரிலிருந்தோ காரிலிருந்தோ வயர் கொடுக்கலாம், இரண்டுமே 12 வோல்ட். கொழுந்து லொறியிலிருந்து கேட்காதீர்கள். பெரிய லொறிகளில் இரண்டு பேட்டரியைத் தொடராகக் கட்டி 24 வோல்ட் ஆக்கியிருப்பார்கள். அதை மாட்டினால் பைக்கின் மின்சாரப் பாகங்கள் ஒரே நொடியில் கருகிவிடும்.

தோட்டப் பாதைக்கு பைக் வாங்குகிறவர்களுக்கு என் தீர்ப்பு இது: கிக் இல்லாத வண்டியை வாங்காதீர்கள். எடையும் செலவும் குறைகிறது என்று கம்பெனிகள் புது மாடல்களில் அதை எடுத்துவிடுகின்றன. கொழும்பில் கராஜ் அடுத்த சந்தியில் இருக்கும். மடுல்சீமையில் இரவு எட்டு மணிக்கு, மழையில், பிரசவ வலியோடு ஒருத்தி இருக்கும் லயத்து வாசலில், அந்தக் கிக்கர் கொடுத்த காசைவிட அதிகம் பெறும். கிக் இருந்தும் மாதக்கணக்கில் உதைக்காமல் விட்டால் அதுவும் இறுகிவிடும், இடையிடையே உதைத்து எழுப்பிப் பழகுங்கள். வண்டி நிற்கும் காலத்தில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறையாவது அரை மணி நேரம் நன்றாக ஓட்டுங்கள், அல்லது மைனஸ் வயரைக் கழற்றி வையுங்கள்.

செத்த பேட்டரியை என்ன செய்வது என்பது கடைசிக் கேள்வி. இரண்டு கிலோ எடையுள்ள சிறு பேட்டரியில் பாதிக்கு மேல் ஈயம். அதன் அமிலத்தை லயத்துக் கானில் ஊற்றினால் ஓடைக்குப் போகும். பதுளையைச் சுற்றிய தோட்டங்களின் ஓடைகள் பதுளு ஓயாவில் சேர்ந்து, துன்ஹிந்தையில் விழுந்து மகாவலிக்குப் போகின்றன. ஈயத்தை அடுப்பில் உருக்கினால் புகை குழந்தைகளின் மூளையைத் தாக்கும். ஈயத்துக்குப் பாதுகாப்பான அளவு என்று ஒன்றில்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். பழைய பேட்டரியை வாங்கிக்கொண்டு புதியதன் விலையில் கழித்துத் தரும் கடைகள் பதுளையிலும் பண்டாரவளையிலும் இருக்கின்றன. உடைக்காமல், கவிழ்க்காமல், அப்படியே கொண்டுபோய்க் கொடுத்துவிடுங்கள்.